சுடரைத் தொட்டறியும் கம்பி

பன்னிரண்டு நிமிடம் எரிந்தபின், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் தானாக நின்றுவிடுகிறது என்று முபெர்ரா சொன்னதைப் பழுதுபார்க்க வந்த ஃபெராமுஸ் நம்பவில்லை. பழுது சொல்லும் வீட்டார் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்வதே வழக்கம். சமையலறைச் சுவரில் தொங்கிய அந்த வெண்ணிறப் பெட்டியை முடுக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவன் நின்றான். பதினோரு நிமிடமும் நாற்பது விநாடியும் கழிந்தபோது அவள் ஒரு விரலை உயர்த்தினாள்.

"இப்ப," என்றாள்.

பெட்டிக்குள் கேஸ் வால்வு டக்கென்று பல்லைக் கடித்தது. சுடர் அவிந்தது. சற்றே பொறுத்துப் பொறிக்கம்பி மீண்டும் டிக் டிக் என்று தட்டிப் பார்த்தது, சுடர் பற்றியது, அவிந்தது. மும்முறை முயன்று தோற்றபின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எப்படிக்கா சொன்னீங்க?"

"நிக்கறதுக்கு முன்னாடி அதோட மூச்சு மாறும் உஸ்தா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றவங்க அழறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாங்களே, அந்த மாதிரி." கைத்தொழில் தெரிந்தவனை அவ்வூரில் 'உஸ்தா' என்றுதான் அழைப்பார்கள்.

முபெர்ரா பிறவியிலேயே பார்வையற்றவள். நகர மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அமர்ந்து, வலியோடும் அவசரத்தோடும் வரும் குரல்களைப் பிரித்தறிந்து உரிய அறைக்கு அனுப்பி வைப்பது அவள் பணி. துருக்கியின் குளிர்நகரமான எர்சுரூமில் அவள் முகத்தை அறிந்தவர் சிலர். குரலை அறியாதவர் இல்லை. ஃபெராமுஸும் தன் மகன் பிறந்த அன்று அந்தக் குரலைக் கேட்டவன்தான்.

வெளியே வெயில் இருந்தது, வெம்மை இல்லை. பனிக்கூரிகள் கூரை விளிம்பில் யானைத் தந்தங்களாய் நீண்டு நின்றன. வீட்டுக்குள் வெப்பமானி பதினோரு டிகிரியைக் காட்டியது. அவள் இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தாள்.

"உஸ்தா, நேரா சொல்லிடறேன். மூணு மணிக்கு எங்க அண்ணன் புர்ஸாவுலேருந்து வர்றார். அவர் வர்றப்ப வீடு சூடா இருக்கணும். இல்லைன்னா நாளைக்கு நான் இந்த ஊர்ல இல்ல."

அவள் மிகைப்படுத்தவில்லை. சென்ற வசந்தத்தில் தாய் இறந்தாள். நாற்பதாம் நாள் ஓதல் முடிந்து, வந்தவர்களுக்கு இனிப்பு வழங்கிய கையோடு, "தனியா இருக்க வேண்டாம், எங்ககூட வந்துடு" என்று அண்ணன் ஜெவ்தெத் அழைத்தார். "ஒரே ஒரு குளிர்காலம் கொடு அண்ணா. இந்த ஊர்க் குளிரை நான் தனியா கடந்துட்டா அப்புறம் என்னைக் கூப்பிடாதே. கடக்கலைன்னா நீ கேக்காமலே வந்துடறேன்" என்று முபெர்ரா வாக்குக் கொடுத்தாள். தை, மாசி போன்ற மென்மையான பெயர்களெல்லாம் அந்த ஊர் மாதங்களுக்குப் பொருந்தா. அங்கே ஜனவரி என்பது ஒரு தேர்வுக்களம். அதன் நட்டநடுவில் கொதிகலன் நின்றது. மேல்மாடிக்காரி நல்லெண்ணத்தோடு புர்ஸாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். ஜெவ்தெத் வருவதற்கு ஒரு விமானச் சீட்டும், திரும்புவதற்கு இரண்டும் வாங்கிக்கொண்டு புறப்பட்டிருந்தார்.

"மணி பன்னெண்டுதான் ஆகுது," என்றான் ஃபெராமுஸ். "இது சென்சார் கோளாறு மாதிரி இருக்குக்கா. ஒரு மணி நேர வேலை. நீங்க டீ போடுங்க."

அவள் அடுப்பருகே திரும்பிக் கெண்டியில் நீர் நிரப்பினாள். அவன் கொதிகலனுக்குப் போகும் கேஸ் குழாயின் குமிழை மூடினான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். "பிஸ்மில்லா" என்று சொல்லி முன்மூடியைக் கழற்றினான். அதனுள் இன்னொரு மூடி. அதனுள் நெருப்பின் அறை.

"உஸ்தா, ஒண்ணு கேக்கலாமா? உள்ளே நெருப்பு இருக்கா இல்லையான்னு அது எப்படிப் பார்க்குது? கண்ணு வச்சிருக்கா?"

"பெரிய ஃபாக்டரி பாய்லர்ல கண்ணு உண்டுக்கா. இதுல கிடையாது. ஒரு கம்பி. சுண்டுவிரல் நீளம் இருக்கும். நெருப்புக்குள்ளயே நீட்டிக்கிட்டு நிக்கும்."

"சூட்டை வச்சுக் கண்டுபிடிக்குதா?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. சூடு இல்ல. நெருப்புக்குள்ள கரண்ட் போகும்கா."

கெண்டியை அடுப்பில் வைக்கப்போன கை நின்றது. "நெருப்புக்குள்ள கரண்டா?"

"கொஞ்சூண்டு. கொசு கடிச்ச அளவுகூட இருக்காது. கம்பியிலேருந்து நெருப்பு வழியா பர்னருக்குப் போகும். அதுவும் ஒரு பக்கமாத்தான் போகும், மறுபக்கம் போகாது. அந்தத் துளி கரண்ட் வந்துச்சுன்னா, 'சரி, நெருப்பு இருக்கு'ன்னு உள்ளே இருக்கற கண்ட்ரோல் போர்டு கேஸைத் திறந்து வைக்கும். வரலைன்னா உடனே மூடிடும். இல்லைன்னா எரியாத கேஸ் வீடு பூரா நிறைஞ்சுடாதா?"

"அப்ப அது பார்க்கறதே இல்ல. தொட்டுத்தான் தெரிஞ்சுக்குது."

"ஆமாக்கா."

"அப்படின்னா நம்ம ஆளுதான்," என்று முபெர்ரா சிரித்தாள். "அதுக்கு என்ன உடம்புக்குன்னு பாருங்க."

இரண்டு திருகாணிகளைக் கழற்றி அவன் கம்பியை வெளியே எடுத்தான். வெள்ளைப் பீங்கான் உறையிலிருந்து நீண்டிருந்த அதன் முனை கரிபடிந்து கருத்திருந்தது. பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தான். கரியைத் தேய்த்து அகற்றினால் பெரும்பாலும் போதும். தொழிலில் அதுவே முதல் மருந்து.

"அதைக் கொஞ்சம் என் கையில கொடுங்களேன். நெருப்பைத் தொட்டுப் பார்க்கிறவரை நான் தொட்டுப் பார்க்கணும்."

அவன் கொடுத்தான். கம்பியின் முனையை அவள் இரு விரல்களால் நீவினாள். நெடுங்காலம் தைத்துத் தேய்ந்த ஊசியை நீவுவதுபோல இருந்தது அந்த நீவல். பிறகு பீங்கானைக் கட்டைவிரல் நகத்தால் சுற்றி வருடியபோது, ஓரிடத்தில் நகம் தயங்கியது. மீண்டும் வருடினாள், மீண்டும் அங்கேயே தயங்கியது.

"உஸ்தா, இங்க ஒரு கோடு இருக்கு. தலைமுடி அளவு."

ஃபெராமுஸ் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஒன்றும் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அப்போதும் தெரியவில்லை. எச்சில் தொட்ட விரலில் கரியைத் தேய்த்துப் பீங்கானின்மேல் பூசித் துடைத்தபோதுதான், மெல்லிய கருங்கோடு ஒன்று தலைகாட்டியது.

"அட! விரிசல்." அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னான். "இதான் விஷயம்கா. குளிர்ந்திருக்கும்போது வாய் மூடி இருக்கு. சூடேற ஏறத் திறக்குது. கரண்ட் அது வழியா இரும்புக்கு ஓடிடுது. அதான் உங்க பன்னெண்டு நிமிஷம். நான் பாட்டுக்கு முனையைத் தேச்சு மாட்டிட்டுப் போயிருப்பேன், சாயங்காலம் மறுபடி நின்னிருக்கும்."

"அப்ப உப்புத்தாளைப் பையில வையுங்க."

வண்டியிலிருந்து புதிய கம்பியைக் கொண்டுவந்தான். பழைய அடைப்பு வளையத்தை எறிந்துவிட்டுப் புதியதை வைத்தான், கம்பியைச் செருகினான், எரிமுனைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்து சரிசெய்தான், மின்கம்பியை இணைத்தான். இரு மூடிகளையும் மாட்டிக் கேஸைத் திறந்து, இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவில்லை என்று உறுதி செய்தான். பிளக்கைச் சுவரில் செருகினான். அவ்வேளையில் முபெர்ரா பக்கத்து அறையில் தேநீர்க் குவளைகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

விசிறி சுழன்றது. பொறி தட்டியது. சுடர் பற்றிய ஓசை, ஒரு பெரிய துணியை உதறினாற்போல, அடுத்த அறைவரை கேட்டது.

ஒன்று, இரண்டு என்று அவள் உதடுகள் எண்ணின. ஆறு என்றபோது வால்வு டக்கென்றது.

மீண்டும் ஆறு. மீண்டும் ஆறு. சிவப்பு விளக்கு.

ஃபெராமுஸ் பொத்தானை அழுத்தி மறுபடி முயன்றான். முன்பு பன்னிரண்டு நிமிடம் நின்ற சுடர் இப்போது ஏழாம் விநாடியைக் காணவில்லை. கம்பியைக் கழற்றி மாட்டினான். இடைவெளியை மறுபடி அளந்தான். பெட்டியிலிருந்த இன்னொரு புதிய கம்பியையும் போட்டுப் பார்த்தான். மீட்டரைக் கம்பிக்கும் போர்டுக்கும் நடுவில் இணைத்துச் சுடர் எரியும்போது அளந்தான். முள் சுழியத்தைவிட்டு அசையவில்லை. சுடர் கண்ணெதிரே நீலமாய் நின்று எரிகிறது. அது இருப்பதற்கான சான்று மட்டும் வந்து சேரவில்லை.

இரண்டு மணிக்கு அவன் கீழே அமர்ந்துவிட்டான்.

"அக்கா, போர்டு போயிடுச்சு போல இருக்கு. இந்த மாடல் போர்டு இங்க யார்கிட்டயும் இல்ல. இஸ்தான்புல்லேருந்து வரணும். நாலு நாள்."

அவள் தேநீரை ஊற்றி, சர்க்கரைக்கட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அழைப்புமணி ஒலித்தது. விமானம் முன்னதாக இறங்கிவிட்டிருந்தது. ஜெவ்தெத் உள்ளே வந்தார். தங்கையை இரு கன்னத்திலும் முத்தமிட்டார். முத்தமிட்ட வாயிலிருந்து புகை வெளிவருவதை அவரே பார்த்தார்.

"வீடா இது? ஐஸ் பெட்டி! ஓவனைத் திறந்து வச்சுக் குளிர் காயறியா?"

"ஓவனைத் தொடவே இல்லை அண்ணா. ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கேன், பாரு."

"என்ன ஆச்சு தாதாஷ்?" என்று ஃபெராமுஸின் பக்கம் திரும்பினார். இருபது ஆண்டுகளாகப் புர்ஸாவில் வாழ்ந்தும், ஊருக்கு வந்தால் ஆண்களை அவ்வாறு விளிக்கும் வழக்கம் அவர் நாவைவிட்டுப் போகவில்லை.

"போர்டு அண்ணே. நாலு நாள் ஆகும்."

"நாலு நாள்!" ஜெவ்தெத் நாற்காலியில் அமர்ந்தார், மேலங்கியைக் கழற்றவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை என்பதுதான் முபெர்ராவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "நீ தோத்துட்டேன்னு நான் சொல்லலம்மா. பாய்லர் யாருக்கும் கெடும். ஆனா நீ வாக்குக் கொடுத்தே. பெட்டியைக் கட்டு. நாளைக்குப் பதினொண்ணே காலுக்கு விமானம். அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கு, அங்கேயும் போன் இருக்கு."

"சரி," என்றாள் முபெர்ரா. "கட்டறேன். அதுக்கு முன்னாடி உஸ்தாவை ஒண்ணு கேட்டுக்கறேன்."

"நாலு நாள்னு சொல்லிட்டாரே. இன்னும் என்ன கேள்வி?"

"அது என் தொழில் அண்ணா. கேக்காம எந்த லைனையும் துண்டிக்க மாட்டேன்." அவள் ஃபெராமுஸ் இருந்த திசைக்குத் திரும்பினாள். "உஸ்தா, விரிசல் விட்ட கம்பியோட அது பன்னெண்டு நிமிஷம் எரிஞ்சுது. நல்ல கம்பியோட ஆறே செகண்டு. நோய் போனதும் ஆள் இன்னும் மோசமாயிட்டார். போர்டு தானா கெட்டிருந்தா, உங்க வேலை முடியற வரைக்கும் காத்துக்கிட்டா இருந்துச்சு?"

"தற்செயலா இருக்கலாம்கா."

"இருக்கலாம். எங்க எக்ஸ்சேஞ்சுல சுத்தம் பண்றவங்க வந்துட்டுப் போனதும் ஒரு லைன் செத்துச்சுன்னா, நாங்க மெஷினைத் திட்ட மாட்டோம். அவங்க கடைசியா எதைத் தொட்டாங்கன்னு கேப்போம். நீங்க எதையெல்லாம் தொட்டீங்க? வரிசையா சொல்லுங்க."

ஜெவ்தெத் வாய் திறந்தார். அவள் கையை உயர்த்தியதும் மூடிக்கொண்டார்.

ஃபெராமுஸ், தன் வாழ்நாளில் முதன்முறையாக, தன் கைகள் செய்ததைத் தன் வாயால் சொன்னான். "கேஸ் குமிழை மூடினேன். திறந்தேன், நுரை வச்சுப் பார்த்தேன். வெளி மூடி. உள் மூடி. ரெண்டு திருகாணி. கம்பி. வளையம். ஒயர், அதை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமா இருக்கு. அவ்வளவுதான்."

"கரண்ட் இருக்கும்போதேயா கழட்டினீங்க?"

"சேச்சே. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான்."

"அதைச் சொல்லலையே."

"அது ஒரு வேலையாக்கா? பிடுங்கினேன், செருகினேன்."

முபெர்ரா எழுந்தாள். மேசையின் விளிம்பைத் தொட்டு, குளிர்பதனப் பெட்டியைக் கடந்து, சுவரில் கையை ஏற்றிப் பிளக்கைக் கண்டாள். உருண்டையான அதன் உடலை மேற்புறத்தில் தடவினாள். வழவழவென்றிருந்தது. கை கீழ்ப்புறம் போயிற்று. அங்கே, உலர்ந்து பருத்த கடுகு ஒன்றைப்போல, ஒரு சிறு மேடு.

அவள் உரக்கச் சிரித்தாள். இரு ஆண்களும் திடுக்கிட்டனர்.

"இது தலைகீழா இருக்கு."

"பிளக்குல ஏதும்மா தலை, காலு?" என்றார் ஜெவ்தெத். "ரெண்டு முள்ளும் ஒரே மாதிரி. எப்படிச் செருகினாலும் போகும்."

"போகும். இதோ இந்தப் புள்ளி எப்பவும் மேல இருக்கணும். ஒன்பது வருஷம் முன்னாடி பாய்லரை மாட்டினவர் அம்மாகிட்ட, 'இதை எடுத்தா இதே மாதிரிதான் திரும்பப் போடணும்'னு சொன்னார். எதுக்குன்னு சொல்லல, அம்மாவும் கேக்கல. அவங்க நெயில் பாலிஷ்ல ஒரு சொட்டு வச்சாங்க. அவங்க கண்ணுக்கு அது சிவப்பு. என் விரலுக்கு மேடு. நான் பிடுங்கித் துடைச்சுப் போடும்போதெல்லாம் மேடு மேலதான்."

ஃபெராமுஸின் முகத்தில் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அவன் நெற்றியில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்துகொண்டான்.

"ஃபேஸ்! யா அல்லா, ஃபேஸ் மாறிப் போச்சு! அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன்கா. தக்காளிச் சாறு தெறிச்சிருக்குன்னு நெனச்சேன்!" அவன் எழுந்து நின்றிருந்தான். "இந்தப் பழைய மாடலுக்குக் கரண்ட் எந்த முள்ளு வழியா வருதுங்கறது முக்கியம். மாறிப் போச்சுன்னா எல்லாம் ஓடும், விசிறி ஓடும், பொறி தட்டும், நெருப்பும் பத்தும். அந்தத் துளி கரண்ட் மட்டும் போர்டுக்குத் தெரியாது. புது மாடல் எதுவும் இதைப் பார்க்கறதில்ல. ஆறு வருஷமா இப்படி ஒண்ணு என் கையில வரலை, மறந்தே போயிட்டேன்."

"அதான் சொன்னீங்களே, ஒரு பக்கமாத்தான் போகும்னு," என்றாள் அவள். பிளக்கைப் பிடுங்கி, புள்ளி மேலே வருமாறு திருப்பி, தானே செருகினாள்.

விசிறி. பொறி. துணி உதறும் ஓசை. மூவரும் தம்மையறியாமல் எண்ணினர். ஆறு கடந்தது. பத்து கடந்தது. மீட்டரின் முள் தயக்கத்தோடு எழுந்து நின்று அங்கேயே நிலைத்தது.

"நின்னுடுச்சா?" என்று ஜெவ்தெத் கேட்டார்.

"எரியுது அண்ணா. நிக்கல."

"அப்ப சரியாயிடுச்சு!"

"இருங்க அண்ணே," என்றான் ஃபெராமுஸ். "பன்னெண்டு நிமிஷம் போகட்டும். அதுக்கு அப்புறம்தான் பேச்சு."

பன்னிரண்டு நிமிடம் என்பது எத்தனை நெடியது என்பதைத் தேநீர் குடிப்பவர் அறியார், காத்திருப்பவர் அறிவர். சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கடித்தபடி ஜெவ்தெத் தேநீரை உறிஞ்சினார். கண்கள் கடிகாரத்தில் இருந்தன. ஃபெராமுஸின் கண்கள் பெட்டியின் சிறு கண்ணாடித் துளையில் தெரிந்த நீலச் சுடரில் இருந்தன. முபெர்ரா எதையும் பார்க்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, அந்தப் பெட்டியின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அறையைச் சூடாக்கும் சுவரோரத்து இரும்புப் பட்டைகள், வெந்நீர் உள்ளே புகுந்ததும், உறங்கி எழுந்தவன் முதுகை முறிப்பதுபோல் ஒவ்வொன்றாய் நெட்டி முறித்தன.

பதினொன்று. பதினொன்றரை. இருவரும் அவள் விரலைப் பார்த்தனர். அது மடியில் கிடந்தது, எழவில்லை.

பதிமூன்று. பதினைந்து.

"மூச்சு மாறல," என்றாள்.

ஃபெராமுஸ் பெருமூச்செறிந்தான். "அல்லாவுக்கு நன்றி."

"தாதாஷ்," என்று ஜெவ்தெத் மெதுவாகக் கேட்டார், "அப்ப பிளக்கை மாத்திப் போட்டது யாரு?"

சொல்லாமல் விட்டிருந்தால் அவரும் வற்புறுத்தியிருக்க மாட்டார். எனினும் ஃபெராமுஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நான்தான் அண்ணே. ரெண்டு கண்ணையும் திறந்துக்கிட்டு மாத்திப் போட்டேன். விரிசலைக் கண்டுபிடிச்சதும் அக்காதான்."

"அப்ப நீ எதுக்கு வந்தே?"

"திருகாணி கழட்ட!" என்றாள் முபெர்ரா. "அது எனக்கு வராது. விடு அண்ணா, நல்ல உஸ்தா. கேட்டா உண்மையைச் சொல்றார். எங்க டாக்டருங்கள்ல எத்தனை பேர் சொல்வாங்க?"

ஃபெராமுஸ் கருவிகளைப் பையில் அடுக்கினான். பழைய கம்பியைக் குப்பையில் போடப்போனபோது முபெர்ரா கையை நீட்டினாள்; கொடுத்தான். அவள் அதைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டாள். வேலை முடித்துப் புறப்படும் கைவினைஞனிடம் வீட்டார், "உன் கை நல்லாயிருக்கட்டும்" என்று வாழ்த்துவது அவ்வூர் மரபு. அவள் வாய் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, உங்க கை நல்லாயிருக்கட்டும்."

கதவு மூடியது. அண்ணனும் தங்கையும் தனித்திருந்தனர். கொதிகலன் சீராக இரைந்துகொண்டிருந்தது. ஜெவ்தெத் எழுந்து சுவரருகே சென்றார். ஆளில்லாத இடத்தில் திருடுபவனைப்போல் ஓசைப்படாமல் கண்களை மூடிக்கொண்டு, பிளக்கின் கீழ்ப்புறத்தையும் மேற்புறத்தையும் தடவினார்.

"கிடைச்சுதா?" என்றாள் முபெர்ரா.

"நான் இங்க நிக்கறது எப்படித் தெரிஞ்சுது?"

"உன் ஷூ கீச்சுங்குது. புள்ளி கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது." சற்று நேரம் அவர் கை அங்கேயே இருந்தது. "அம்மா வச்சதா?"

"அம்மாதான்."

அவர் திரும்பி வந்து அமர்ந்தார். பிறகு நெற்றியைத் துடைத்தார். பிறகு எழுந்து, வந்ததிலிருந்து கழற்றாத கனத்த மேலங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். துணி சரிந்த ஓசையைக் கேட்டு முபெர்ராவின் உதடுகள் மலர்ந்தன.

"இன்னும் ரெண்டு மாசம் குளிர் இருக்கு," என்றார் ஜெவ்தெத்.

"இருக்கு."

"மறுபடி ஏதாவது கெட்டா மேல்மாடிக்காரி சொல்லி எனக்குத் தெரியக்கூடாது. நீயே சொல்லணும்."

"சொல்றேன்."

அவர் தம் கைப்பேசியில் விமான நிறுவனத்தின் எண்ணைத் தேடினார். அழைத்தார். இசை ஒலித்தது, காத்திருக்கச் சொன்னது, மறுபடி இசை ஒலித்தது. முகத்தைச் சுளித்தபடி கைப்பேசியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே பேசு. இந்த மாதிரி ஆளுங்களை எப்படிப் பிடிக்கறதுன்னு உனக்குத்தான் தெரியும். நாளைக்குப் பதினொண்ணே காலுக்கு ரெண்டு சீட்டு வேண்டாம், ஒண்ணு போதும்னு சொல்லு."